கைப்பணி மாஸ்டரின் அடிமட்டமும் என் ஆமை டாங்கியும்

ஒன்பதாம் வகுப்பில் எங்களுக்குக் கைப்பணி படிப்பித்த மாஸ்டரை உங்களில் பலருக்கு நினைவிருக்கும். மட்டையில் கோயில் தேரை இருபதில் ஒரு பங்காகச் செய்ய வைத்தவர். ஒவ்வொரு அளவையும் வகுத்துக் கொப்பியில் எழுதிக் காட்டினால்தான் பசைப் போத்தல் எங்கள் கைக்கு வரும்.

போன மாரிகாலம் முழுக்க, வேலை முடிந்து வந்து குசினி மேசையில் நான் ஒரு பிளாஸ்டிக் டாங்கி கட்டினேன். 'டோர்ட்டஸ்', அதாவது ஆமை. இரண்டாம் உலகப் போரில் ஜெர்மனியின் கொங்கிறீட் அரண்களை உடைத்துக்கொண்டு போகவென்று பிரித்தானியர் வரைந்தது. 78 தொன் எடை, உள்ளே ஏழு பேர், 32 இறாத்தல் குண்டு சுடும் பீரங்கி. அந்தப் பீரங்கிக்குச் சுழலும் கோபுரம் கிடையாது, உடம்பின் முன்பக்கத்திலேயே பொருத்தியிருக்கும். 25 கட்டுவதாக இருந்து, போர் முடிந்ததால் 6 மட்டுமே கட்டினார்கள். 1948இல் ஜெர்மனிக்குக் கொண்டுபோய் ஓட்டியும் சுட்டும் பார்த்தார்கள், பீரங்கி நன்றாகவே சுட்டது, ஆனால் இவ்வளவு பாரத்தை ஓரிடத்திலிருந்து இன்னோரிடத்துக்கு ஏற்றிக்கொண்டு போவதே பெரும்பாடாகிவிட்டது.

"சண்டையாலை ஓடி வந்தனாங்கள், நீங்கள் டாங்கி கட்டுறியளோ?" என்று மனைவி கேட்டா. நியாயமான கேள்விதான். இது ஒரு சண்டைக்கும் போகாத டாங்கி, ஒருவரையும் கொல்லாதது என்றேன். எனக்கு அது உண்மையிலேயே பெரிய விஷயம். வேறு டாங்கி என்றால் வீட்டுக்குள் கொண்டுவந்திருக்க மாட்டேன்.

அளவு முப்பத்தைந்தில் ஒன்று. அசல் டாங்கி பீரங்கி நுனி வரை 10 மீற்றர், வகுத்தால் இருபத்தெட்டரை சென்ரிமீற்றர் சொச்சம். பெட்டியைத் திறந்ததும் முதலில் கொப்பியில் எழுதியது இதைத்தான். சங்கிலிப் பட்டிதான் ஆளைக் கொன்றது. ஒவ்வொரு கண்ணியாக வெட்டி, பிசிறை அரத்தாள் போட்டுத் தேய்த்து, அடுத்ததோடு கொழுவ வேண்டும், பசை ஒரு துளி கூடினாலும் மூட்டு இறுகிவிடும். எனக்கு ஒரு பக்கம் அப்படியே இறுகிப்போய், கழற்றித் திரும்பக் கோக்க இரண்டு கிழமை பிடித்தது.

பிறகு முன்கவசம். அசலில் அது வார்த்த உருக்கு, மேற்பரப்பு சொரசொரவென்று இருக்கும், பிளாஸ்டிக்கோ வழுவழுப்பு. தண்ணிப் பசையை மெல்லிசாகப் பூசி, அதில் பிளாஸ்டிக் இளகி நிற்கும்போது பழைய பல்துலக்கியின் மயிரால் குத்திக் குத்தி எடுத்தேன். சரி, முடிந்தது என்று பச்சை வண்ணமும் அடித்தாயிற்று.

அப்புறம் பங்குனியில் இங்கிலாந்தின் டோர்செட்டில் இருக்கிற பொவிங்டன் டாங்கி அருங்காட்சியகத்துக்குப் போனேன். அசல் ஆமை ஒன்று அங்கே நிற்கிறது. தலைக்கு மேலே உயர்ந்து நின்ற அந்த முகத்துக்கு முன்னால் அரை மணித்தியாலம் நின்றிருப்பேன். மாஸ்டர் கொப்பியைப் பார்ப்பது போலப் பார்த்தேன். என்னுடையது போதாது, அசல் இன்னும் கரடுமுரடு.

வீட்டுக்கு வந்து முன்பக்க வண்ணத்தைச் சுரண்டிவிட்டு, பல்துலக்கியைத் திரும்ப எடுத்தேன்.