அப்பா பக்கத்துப் பிரஷர்

போன வருசம் கோயிலடியில் நடந்த இரத்ததான முகாமில்தான் பிடிபட்டேன். 38 வயது, ஒரு வருத்தமும் இல்லை என்ற தைரியத்தில் கையை நீட்டினால் 158/100. கொஞ்சநேரம் இருக்க வைத்துத் திரும்பவும் பார்த்தார்கள், 154/98. "இண்டைக்கு ரத்தம் எடுக்கேலாது தம்பி, கிளினிக்குக்குப் போங்க" என்று துண்டு தந்தார்கள். மைலோ பக்கெட் ரத்தம் குடுத்தவர்களுக்கு மட்டும்தானாம்.

கிளினிக்கில் டொக்டர் முதலில் கேட்டது, "வீட்டில ஆருக்கும் பிரஷர், பாரிசவாதம், கிட்னி வருத்தம் இருக்கா?" இல்லையென்றேன். அம்மாவுக்கு 63, ஒரு குளிசையும் இல்லை. அம்மம்மா கடைசிவரைக்கும் உரலில் இடித்தவ.

"அப்பா பக்கம்?"

1990இல், சண்டைக் காலத்தில், அப்பா போகும்போது அவருக்கு 31. எப்படிப் போனார் என்று மட்டக்களப்பில் விளக்கத் தேவையில்லை. பிரஷர் வரும் வயதுக்கு அவர் வரவேயில்லை. பிறகு வளர்ந்ததெல்லாம் அம்மாட ஆக்களோடு. குடி என்கிற வம்சப் பிரிவும் எங்களுக்குத் தாய்வழிதானே, சொந்தம் என்று எண்ணத் தொடங்கினாலே வாய் அந்தப் பக்கம்தான் போகும். அதைச் சொன்னதும் டொக்டர் சிரித்தா. "குடி தாயால வரட்டும். பிரஷர் ரெண்டு பக்கத்தாலயும் வரும். கேட்டிட்டு வாங்க."

மண்முனைப் பாலம் தாண்டிக் கொக்கட்டிச்சோலைக்குப் போனேன், அப்பாட அக்கா வீட்டுக்கு. மாமி பிஸ்கட் டின்னைத் திறந்து, சொப்பிங் பேக்கில் சுற்றிய கிளினிக் கொப்பியை எடுத்தா. நாற்பது சொச்சத்திலேயே பிரஷராம். குளிசை கட்டுக் கட்டாக மிஞ்சிக் கிடந்தது. "தலை சுத்தினா ஒண்டு போடுவன் மனே." அப்பப்பாவுக்கு வயலில் பேயடித்தது என்றுதான் நான் கேள்விப்பட்டிருந்தேன். ஒரு பக்கக் கையும் காலும் விளங்காமல் வாயும் கோணினதாம். பெரியப்பா 53இல் கிட்னி பழுதாகிப் போனாராம்.

அடுத்த தவணையில் எல்லாவற்றையும் ஒப்புவித்தேன். எழுதிக்கொண்டே டொக்டர் சொன்னா, இதற்கு ஒரு தனி ஜீன் இல்லை, சின்னச் சின்னதாகப் பல சேர்ந்துதான் வருகிறது. அதோடு ஒரே வீட்டுச் சாப்பாடும். ஆளுக்கு ஒரு நாளைக்கு 5 கிராமுக்குக் குறைவாக உப்பு, அதாவது ஒரு தேக்கரண்டிக்கும் கொஞ்சம் குறைவு. வீட்டுக்கு வந்து கணக்குப் பார்த்தோம். நாலு பேருக்கு 400 கிராம் பக்கெட் 20 நாளாவது வரவேண்டும், எங்களுக்கு 12 நாளில் முடிகிறது. சுங்கான் கருவாடும் கூனியும் அந்தக் கணக்கிலேயே இல்லை.

சலம் (சிறுநீர்), கிட்னிக்குப் பார்க்கிற கிரியேட்டினின், சீனி, ஈசிஜி எல்லாம் சரி. ஆனால் ஆஸ்பத்திரிப் பயத்தில் ஏறுகிறதா என்று பார்க்க, மெசின் வாங்கி ஏழு நாள் வீட்டில் அளக்கச் சொன்னா. காலையும் பின்னேரமும் இரண்டிரண்டு தரம். அஞ்சு நிமிசம் சாய்ந்து இருந்து, கால்மேல் கால் போடாமல், வாய் திறக்காமல், அதற்கு முந்தின அரை மணித்தியாலத்தில் தேத்தண்ணியும் இல்லாமல். முதல் நாளை விட்டுச் சராசரி 143/92. வீட்டில் 135/85ஐத் தாண்டினாலே கூடத்தான். குளிசை தொடங்கியது. தங்கச்சியையும் பார்க்கச் சொன்னா, அவளுக்கு இப்போதைக்கு 126/82.

கொக்கட்டிச்சோலைத் தேருக்குப் போனபோது மெசினையும் கொண்டுபோனேன். மாமிட கையில் பட்டியைச் சுற்றிவிட்டேன், அவ கதையை நிறுத்தினபாடில்லை.

"கொஞ்சநேரம் பேசாம இருங்க மாமி."

172/96.

"அது தேர் பார்த்த களைப்பு மனே" என்றா. செவ்வாய்க்கிழமை அவட கிளினிக். நான்தான் மோட்டார் சைக்கிளில் ஏற்றிப் போகிறேன்.