எஸ்வி650 த்ராட்டில் சென்சார்: கீழே கிடந்த கோட்டை நடுவுக்கு ஏற்றியது

வண்டி 2004 சுசுகி எஸ்வி650. மெதுவாகப் போகும்போது ஆக்சிலேட்டரை மூடித் திறந்தால் வெடுக்கென்று இழுப்பு. சிக்னலில் கிளட்ச்சைப் பிடித்தால் சில நேரம் இன்ஜின் அணைந்தே போகும்.

ஆக்சிலேட்டர் எவ்வளவு திறந்திருக்கிறது என்று இன்ஜின் கணினிக்குச் சொல்வது த்ராட்டில் சென்சார். இந்த அறிகுறிக்கு எல்லோரும் முதலில் அந்தச் சென்சாரின் ஸ்க்ரூவைத்தான் தேடுவார்கள். அது தப்பு. இன்ஜின் வால்வு இடைவெளி, இரண்டு த்ராட்டில் பாடிகளின் (இன்ஜினுக்குக் காற்று போகும் வாய்கள்) சமன், ஐட்லிங் (ஆக்சிலேட்டரைத் தொடாதபோது இன்ஜின் ஓடும் வேகம்), இவை முடிந்தபிறகுதான் சென்சார். ஐட்லிங் குமிழைத் திருகினாலே த்ராட்டில் தண்டு நகரும். சென்சார் உட்கார்ந்திருப்பதும் அதே தண்டில்தான். வரிசை மாறினால் செய்த வேலையை மறுபடியும் செய்யவேண்டி வரும். ஆக்சிலேட்டர் கேபிளில் 2 முதல் 4 மில்லிமீட்டர் தளர்வு இருக்கிறதா என்றும் முன்கூட்டியே பார்த்துவிடுவது நல்லது.

தேவைப்பட்டவை: நடுவில் துளையுள்ள டி25 டார்க்ஸ் (நட்சத்திர முனை) பிட், மல்டிமீட்டர், சிறு வயர்த்துண்டு, மார்க்கர் பேனா. ஸ்க்ரூவின் தலை நடுவில் ஒரு முளை இருப்பதால் சாதாரண டார்க்ஸ் உள்ளே இறங்காது.

இன்ஜினை நன்றாகச் சூடேற்றி ஐட்லிங்கை 1,300 ஆர்பிஎம்மில் வைத்து அணைத்தாயிற்று. சூடு இங்கே கட்டாயம். த்ராட்டில் பாடிக்குள் மேலும் கீழுமாக இரண்டு வால்வுகள்: கீழ் வால்வைத் திறப்பது ஆக்சிலேட்டர் கேபிள், மேல் வால்வைத் திறப்பது ஒரு மோட்டார். இன்ஜின் குளிர்ந்திருக்கும்போது மேல் வால்வின் மோட்டார் கீழ் வால்வை ஒரு நூல் திறந்து பிடிக்கும். அந்த நிலையில் சென்சாரை வைத்தால், சூடானதும் அளவு இறங்கிவிடும்.

சீட்டுக்கு அடியில் மூடி போட்ட ஒரு கனெக்டர் இருக்கிறது. சாவி அணைந்த நிலையில், வெள்ளை-சிவப்பு வயரையும் கறுப்பு-வெள்ளை வயரையும் வயர்த்துண்டால் இணைத்துவிட்டுச் சாவியைப் போட்டால் மீட்டரில் ‘சி00’ வரும். பிழை எதுவும் பதிவாகவில்லை என்று அர்த்தம். சி14 வந்தால் த்ராட்டில் சென்சாரிலேயே கோளாறு, சி29 என்றால் மேல் வால்வின் சென்சாரில். ‘செக்’ என்று காட்டினால் பதற வேண்டாம், ஹேண்டிலில் இன்ஜினை அணைக்கும் கில் சுவிட்ச் ஆஃபில் இருக்கிறதா என்று பாருங்கள்.

சி00-க்கு முன்னால் ஒரு சின்னக் கோடு தெரியும். நடுவில் இருந்தால் சரி. மேலே என்றால் சென்சார் காட்டும் அளவு கூடுதல், கீழே என்றால் குறைவு. இங்கே கீழே கிடந்தது. ஆக்சிலேட்டரை மயிரிழை திறந்ததும் கோடு மேலேறியது. ஆக, சென்சார் உயிரோடுதான் இருக்கிறது, உட்கார்ந்த இடம்தான் பிசகு.

டேங்கின் முன்பக்க இரண்டு போல்ட்டைக் கழற்றி, தூக்கி முட்டுக்கொடுத்தால் த்ராட்டில் பாடி தெரியும். பலர் கோட்டைவிடுவது இங்கேதான்: ஒரே மாதிரி இரண்டு சென்சார்கள் இருக்கின்றன. கேபிள் சுற்றும் கீழ்த்தண்டில் இருப்பதுதான் நம்முடையது. மோட்டார் சுற்றும் மேல்தண்டில் இருப்பதைத் தொடக்கூடாது. சந்தேகமிருந்தால் ஆக்சிலேட்டரைத் திருகி எந்தத் தண்டு கூடவே சுழல்கிறது என்று பாருங்கள்.

பழைய இடத்தை மார்க்கரால் குறித்துவிட்டு ஸ்க்ரூவை அரைச்சுற்று மட்டும் தளர்த்தினால் போதும். முழுக்கத் தளர்த்தினால் சென்சார் ஆடி, எதுவும் நிலைக்காது. விரலால் தள்ளியது ஒரு மில்லிமீட்டர்கூட இருக்காது, கோடு நடுவுக்கு வந்துவிட்டது. ஆனால் ஸ்க்ரூவை முறுக்கும்போது சென்சாரும் கூடவே திரும்பி, கோடு மேலே போய்விட்டது. இரண்டாம் முறை, முறுக்கும் திசைக்கு எதிராக விரலால் அழுத்திப் பிடித்தபடி முறுக்கியதில் நின்றது. முறுக்கும் அளவு 3.5 நியூட்டன் மீட்டர்தான். அதற்குமேல் போனால் பிளாஸ்டிக் காது விரியும்.

மல்டிமீட்டரில் சிக்னல் வயர் மூடிய நிலையில் சுமார் 1.1 வோல்ட், முழுதும் திறந்தால் சுமார் 4.3 வோல்ட். மெதுவாகத் திறக்கும்போது எண் சீராக ஏறவேண்டும். நடுவில் குதித்தாலோ விழுந்தாலோ உள்ளே தடம் தேய்ந்துவிட்டது. அதை எவ்வளவு திருப்பினாலும் பயனில்லை, மாற்றத்தான் வேண்டும். இதில் குதிக்கவில்லை.

வயர்த்துண்டைக் கழற்றி ஓட்டிப் பார்த்ததில், அணைந்துபோவது நின்றுவிட்டது. இழுப்பு பாதிக்குமேல் குறைந்திருக்கிறது, முழுக்கப் போகவில்லை. மிச்ச இழுப்புக்குச் செயின் மேல்தான் சந்தேகம்: 40 மில்லிமீட்டர் தொங்குகிறது, இருக்கவேண்டியது 20 முதல் 30. அடுத்து அதுதான்.