கர்னல் பிரௌட்டியும் கிறைஸ்ட்சர்ச் கடிகாரமும்

அமெரிக்க விமானப்படைக் கர்னல் ஃபிளெட்சர் பிரௌட்டியைப் பலருக்குச் சினிமா வழியாகத்தான் தெரியும். அமெரிக்க அதிபர் கென்னடியின் கொலை பற்றிய ஆலிவர் ஸ்டோனின் 'ஜே.எஃப்.கே.' (1991) படத்தில், வாஷிங்டனில் பெஞ்சில் உட்கார்ந்து மர்மங்களை அவிழ்க்கும் 'எக்ஸ்' இவரை வைத்து உருவான பாத்திரம். விமானப்படையின் சரக்குப் பிரிவில் காலம் தள்ளிய எனக்கோ, அவருடைய பழைய உத்தியோகத்தின் மேல்தான் கண்.

1917-இல் மாசசூசெட்ஸில் பிறந்த பிரௌட்டி, இரண்டாம் உலகப்போரில் ஓட்டியது போக்குவரத்து விமானம். 1955-இல் பென்டகனில் அவருக்குக் கிடைத்த நாற்காலி வினோதமானது: சி.ஐ.ஏ.வின் ரகசிய வேலைகளுக்கு விமானப்படையின் உதவியை ஏற்பாடு செய்வது. உளவாளிக்கும் விமானம் வேண்டும், எரிபொருள் வேண்டும், பாராசூட் வேண்டும். யாருக்கென்று சொல்லாமல் கிடங்கிலிருந்து பொருளை வெளியே எடுப்பது எத்தனை பெரும்பாடு என்பது கிடங்கில் நின்றவனுக்குத் தெரியும். ஏட்டில் ஒரு படைப்பிரிவின் பெயர் இருந்தாக வேண்டும். அந்தப் பிரிவு நிஜமாகவே படைப்பிரிவாக இருக்க வேண்டியதில்லை. 1973-இல் வெளிவந்த 'தி சீக்ரெட் டீம்' நூலில் இந்தச் சூட்சுமத்தை விலாவாரியாக எழுதினார். அந்தப் பக்கங்களுக்கு நான் அடிமை.

1964-இல் ஓய்வு பெற்றபின் சி.ஐ.ஏ.வை எதிர்த்து எழுதுவதும் பேசுவதுமே வேலையானது. கென்னடி கொலைக்கு வந்தபோதுதான் சறுக்கல். கொலை நடந்த நேரத்தில் (1963) அவர் நியூசிலாந்தின் கிறைஸ்ட்சர்ச்சில் இருந்தார். அங்கே வந்த 'ஸ்டார்' பத்திரிகையில், கொலையாளி என்று பிடிபட்ட ஆஸ்வால்டின் பூர்வீகமே அச்சாகியிருந்ததாம். டல்லாஸில் கொலைக் குற்றம்கூடச் சாட்டப்படாத நிலையில் இது எப்படி, முன்கூட்டியே எழுதிவைத்த கதைதானே என்று கேட்டார்.

கடிகாரத்தைப் பார்ப்போம். டல்லாஸில் நவம்பர் 22 பகல் 12.30-க்குச் சுட்டார்கள். நியூசிலாந்தில் அது 23-ஆம் தேதி காலை 6.30. ஆஸ்வால்ட் பிடிபட்டபோது அங்கே மணி ஏறக்குறைய 7.50. 'ஸ்டார்' மாலைப் பத்திரிகை; அச்சுக்குப் போவதற்குள் அவகாசம் தாராளம். ஆஸ்வால்ட் 1959-இல் சோவியத் நாட்டுக்குப் போனது அப்போதே அமெரிக்கப் பத்திரிகைகளில் வந்த செய்தி. பழைய கோப்பைப் புரட்டினால் பாதிக் கட்டுரை தயார். நேர வித்தியாசம் பார்த்தே பிழைத்த போக்குவரத்து விமானி இதைத் தவறவிட்டதுதான் எனக்கு ஆறவே இல்லை.

பிற்காலத்தில் யூத வெறுப்புக்குப் பேர்போன 'லிபர்டி லாபி'யின் மேடையிலும் ஏறினார். அதற்கு நான் வக்காலத்து வாங்கமாட்டேன். 2001-இல் காலமானார். அவரைப் படிக்க நினைப்பவர்கள் கென்னடியில் தொடங்காமல், கிடங்குக் கணக்கு வரும் அத்தியாயங்களில் தொடங்குங்கள்.