கெண்டைக்கால் நாட்குறிப்பு

ஜூன் 3

காலை முழுக்க, கெண்டைக்கால் நரம்புக்கு ஷாக் கொடுக்க இடம் தேடியே போயிற்று. முழங்கால் மடிப்பில் எலெக்ட்ரோடு ஒரு விரற்கடை நகர்ந்தாலும் அலை மாறிவிடுகிறது. தன்னார்வலராக வந்த ஜூனியர் பையன், "அக்கா, நான் ஒண்ணுமே பண்ணல, பாதம் தானா அழுத்துது!" என்றான். அதுதான் எச் ரிஃப்ளெக்ஸ். 1910-இல் ஜெர்மனியில் உடலியலாளர் பால் ஹாஃப்மன் விவரித்தது. ஒரு மில்லிசெகண்ட் ஷாக். சுமார் 5 மில்லிசெகண்டில் எம் அலை, நரம்பிலிருந்து நேரே சோலியஸ் என்ற கெண்டைக்கால் தசைக்கு. சுமார் 30-இல் எச் அலை: தண்டுவடம் வரை ஏறி, தசையை இயக்கும் நரம்புச் செல்லான மோட்டார் நியூரானைத் தூண்டிவிட்டுத் திரும்பியது. மனிதத் தண்டுவடத்துக்குள் ஊசி இறக்க வழியில்லை. அங்கே நடப்பதை இந்த அலையின் உயரத்தை வைத்தே படிக்கிறோம்.

ஜூன் 5

முழங்காலுக்கு வெளிப்பக்கம், ஃபிபுலா எலும்பின் கழுத்தருகே இன்னொரு எலெக்ட்ரோடு. அங்கே முன்னங்கால் தசைக்குப் போகும் நரம்பைத் தட்டி, 2, 3 மில்லிசெகண்ட் கழித்து முழங்கால் மடிப்பில் தட்டினால் எச் அலை சிறுக்கிறது. நடுவில் ஒரே ஒரு தடுப்பு நியூரான். இவ்வளவு சின்ன இடைவெளிக்குக் காரணம் அதுதான். பையனைப் பாதத்தை மேலே தூக்கச் சொன்னேன். சோலியஸின் எச் அலை திரையில் கிட்டத்தட்ட மறைந்தேவிட்டது. ஒரு தசை இழுக்கும்போது எதிர்த்தசையைத் தண்டுவடமே ஓய வைக்கிறது. பக்கவாதத்துக்குப் பின் கால் விறைத்துப்போன பலரிடம் இந்தத் தடுப்பு குறைந்திருக்கிறது. எனக்கு இந்த வேலையில் இவ்வளவு பிடிப்பு வந்ததே அவர்களால்தான்.

ஜூன் 9

இன்று தண்டுவடத்துக்குள் இருக்கும் ரென்ஷா செல்கள். மோட்டார் நியூரானின் நீண்ட இழையான ஆக்ஸான் வெளியே போகும் வழியில் ஒரு கிளை விடுகிறது. அது இந்தச் செல்லைத் தூண்ட, செல் திரும்பி அதே நியூரானையும் அக்கம்பக்கத்து நியூரான்களையும் அடக்குகிறது. உடலியலாளர் பேர்ட்சி ரென்ஷா இதை 1941-இல் எழுதினார். 1948-இல் போலியோ அவரைக் கொண்டுபோயிற்று. தான் ஆராய்ந்த மோட்டார் நியூரான்களையே அழிக்கும் நோய். படித்ததிலிருந்து மனசு ஆறவில்லை.

முறை கொஞ்சம் சிக்கல். முதல் ஷாக்கில் எச் அலை. சுமார் 10 மில்லிசெகண்ட் கழித்து உச்ச அளவில் இரண்டாவது. அது ஆக்ஸான்களில் தண்டுவடம் நோக்கிப் பின்னோக்கி அனுப்பும் துடிப்பு, முதல் ஷாக்கில் சுட்ட (துடிப்பு அனுப்பிய) நியூரான்களின் ஆக்ஸானில் இறங்கி வரும் துடிப்போடு மோதி அழிகிறது; மற்ற ஆக்ஸான்களில் அழியாமல் நின்று வழியை அடைக்கிறது. அதனால் அந்த நியூரான்களின் இரண்டாவது எச் அலை மட்டும் தசைக்கு வந்து சேரும். முதல் அலை பெரிதாகப் பெரிதாக அது சிறுத்தால், அதில் ரென்ஷாவின் கை இருக்கிறது.

ஜூன் 12

பையன் பாதத்தைக் கீழே மெல்ல அழுத்தினான்: ரென்ஷா தடுப்பு கூடியது. "இன்னும் கொஞ்சம் தம்பி, விடாதே" என்று பலமாக அழுத்த வைத்தேன்: தடுப்பு தளர்ந்தது. 1979-இல் ஆய்வாளர்கள் ஹல்ட்போர்னும் பியெரோ-டெசெயினியும் சொன்னதும் இதுதான். பாடநூல்கள் ரென்ஷா செல்லை எப்போதும் ஒரே அளவில் பிடித்திருக்கும் பிரேக்காக வரைவது எனக்கு ஏற்பில்லை. மூளை தேவைக்கேற்ப அதைத் தளர்த்துகிறது. ஆனால் ஒருமுறை சுட்ட நியூரான் சற்று நேரம் தானாகவே அடங்கியிருக்கும், அந்தப் பங்கும் இதில் கலந்திருக்கிறது. அடுத்த அமர்வில் ஒவ்வொரு அழுத்த அளவிலும், ஒற்றை ஷாக்கில் மட்டும் எழும் ஒப்பீட்டு எச் அலையையும் கூடவே பதிவு செய்யப்போகிறேன்.