வேட்டை நாய்க்குட்டிக்கு எதைக் கற்றுத்தர வேண்டும்?

கோம்பை, இராஜபாளையம், சிப்பிப்பாறை ஆகிய நம் நாட்டு நாய் இனங்களின் மீது சென்னை இளைஞர்களுக்கு அண்மையில் வந்திருக்கும் ஈடுபாடு எனக்குப் பெரும் மகிழ்ச்சி தருகிறது. ஆனால் குட்டியை வாங்கிய கையோடு, அதை எப்படிச் சீற்றமுள்ளதாக வளர்ப்பது என்றுதான் பலரும் கேட்கிறார்கள். பாய்ந்து பிடிக்கும் குணம் இந்த நாய்களுக்குப் பிறவியிலேயே உண்டு. நாம் கற்றுத்தர வேண்டியது நிற்பதையும், கூப்பிட்டால் திரும்பி வருவதையும்தான்.

காட்டுப்பன்றி வேட்டையில் நாயின் வேலை என்ன என்று பார்த்தால் இது விளங்கும். ஸ்பானியர்கள் 16ஆம் நூற்றாண்டில் கொண்டுவந்த பன்றிகளும் பின்னர் வந்து கலந்தவையும் காடேறிப் பெருகிப் பயிரை அழிப்பதால், அமெரிக்காவின் டெக்சாஸ் போன்ற மாநிலங்களில் நாய்களைக் கொண்டு அவற்றை வேட்டையாடுகிறார்கள். அங்கே கட்டஹூலா போன்ற நாய்கள் மோப்பம் பிடித்துச் சென்று, பன்றியைச் சூழ்ந்துகொண்டு, கடிக்காமல் குரைத்தே அதை நிறுத்திவைக்கும். வேட்டைக்காரர் வந்து சேர்ந்தபின் அவிழ்த்துவிடப்படும் வேறு நாய்கள்தான் பன்றியின் காதைக் கவ்விப் பிடிக்கும். இளநாயை முதலில் வேலியிட்ட அடைப்புக்குள் பழகிய மூத்த நாயோடு விட்டு, சிறிய பன்றியின் முன் எட்ட நின்று குரைக்கப் பழக்குவார்கள். ஆண் பன்றியின் கீழ்க்கோரைப்பல் மேற்பல்லோடு உராய்ந்தே கூர்மையடைவது. ஒரே வீச்சில் நாயின் மார்பைக் கிழித்துவிடும். ஆகவே கண்மூடித்தனமாகப் பாயும் குட்டியைவிடத் தூரம் அறிந்து நிற்கும் குட்டிக்கே அங்கே மதிப்பு அதிகம்.

நம் நாட்டில் 1972ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் காட்டுப்பன்றியையும் காக்கிறது. அச்சட்டத்தின்படி கொல்வது மட்டுமன்றி விரட்டுவதும் வேட்டையே என்பதால், செங்கல்பட்டுப் பக்கத்துப் புதர்க்காட்டில் நாயைச் சும்மா பழக்குகிறேன் என்று விடுவதும் குற்றமாகிவிடும். ஒரே இரவில் கடலைக்கொல்லையைப் பறிகொடுத்த உழவரின் வேதனை உண்மையானது. அதற்கான வழியை வனத்துறையிடம்தான் கேட்க வேண்டும். பன்றிக்கென்று வைக்கப்படும் அவுட்டுக்காயை, அதாவது தீனிக்குள் மறைத்த நாட்டு வெடியைக் கடித்து வாய் சிதறிப்போகும் நாய்களையும் மாடுகளையும் நினைத்தால் நெஞ்சு பதறுகிறது.

எனவே மேடவாக்கத்தில் எங்கள் வீட்டில் வளரும் கோம்பைக் குட்டி மருதுவுக்கு, பன்றியே இல்லாத மோப்பப் பயிற்சிதான். தடுப்பூசிகள் முடிந்த பிறகே அதை வெளியே கொண்டுபோனோம். கோழித்தோலைத் துணியில் முடிந்து கயிற்றில் கட்டி, விடியற்காலைப் பனி காயுமுன் காலிமனைப் புல்லில் இழுத்துச் சென்று, ஓரிடத்தில் திருப்பி, முடிவில் ஒரு துண்டு ஈரலை வைப்பேன். திருப்பத்தில் மருது சற்றுத் தாண்டிப் போய்விடும்; தலையைத் தூக்கும்; பிறகு அரைவட்டமாகச் சுற்றி வந்து தடத்தைத் தொட்டதும், மூச்சு குறுகிக் குறுகி மூக்கொலியாக மாறும். அந்த நேரத்தில் நான் ஒரு வார்த்தையும் பேசமாட்டேன். தானே கண்டுபிடிப்பதில்தான் குட்டிக்குத் துணிவு வளர்கிறது.

வடிகாலோரம் பெருச்சாளி தென்பட்டால் முதுகு மயிர் சிலிர்த்து, முன்னங்கால் ஒன்று அந்தரத்தில் நிற்கும். நீளக்கயிற்றைச் சுண்டாமல் தளர்வாகவே வைத்துக்கொண்டு, “மருது, வா” என்று ஒரே முறை அழைப்பேன். திரும்பினால் ஈரலும் பாராட்டும் உண்டு. திரும்பாவிட்டால் அடியோ அதட்டலோ கிடையாது, கயிற்றைச் சுருட்டிக்கொண்டே அருகில் போய் அதை அழைத்துவந்துவிடுவேன். அடிபட்ட குட்டி, கூப்பிடும் குரலுக்கே அஞ்சி விலகி ஓடும்.

மூட்டுகள் முதிராத குட்டியை வண்டியோடு ஓடவைப்பதை நான் வன்மையாக எதிர்க்கிறேன். ஒரு வயது நிறையும்வரை நடையும் மோப்பமும் போதும். இப்போது புதிய தடத்தை மருது நன்றாகத் தொடர்வதால், அடுத்து, தடம் போட்டு அரைமணி நேரம் கழித்து அதை விட்டுப் பழக்கப்போகிறேன்.