பேயின் கோடரி, தெய்வத்தின் வேலை: கலைப்பொருளைச் சீனத்தில் பாராட்டுவது எப்படி?

தைப்பேயின் தேசிய அரண்மனை அருங்காட்சியகத்தில் ஜேட் கல்லில் செதுக்கிய ஒரு சீன முட்டைக்கோஸ் இருக்கிறது. உயரம் 18.7 சென்டிமீட்டர். கல்லில் ஒரு பாதி வெள்ளை, மறுபாதி பச்சை. வெள்ளையைத் தண்டாக்கி, பச்சையை இலையாக்கி, இலை நுனியில் இரண்டு பூச்சிகளையும் உட்காரவைத்துவிட்டார் சிற்பி. இதைச் சீன மொழியில் பாராட்ட வேண்டுமென்றால், எதைப் பாராட்டுகிறோம் என்று முதலில் முடிவு செய்துகொள்ள வேண்டும். முழுப் பொருளையா, அந்தப் பூச்சியையா, செதுக்கிய கையையா, பார்த்தவரின் திகைப்பையா? ஒவ்வொன்றுக்கும் தனித்தனி செங்யூ உண்டு. செங்யூ என்றால் பெரும்பாலும் நான்கே எழுத்தில் அமையும் மரபுத்தொடர். ஒன்றின் இடத்தில் இன்னொன்றைப் போட்டால் பாராட்டு பிசகிவிடும்.

முழுப் பொருளுக்கு 'ச்சியாவ் துவோ தியென் கோங்'. எழுத்துக்கு எழுத்து பார்த்தால் திறன், பறித்தல், வானம், வேலை. இயற்கையின் கைவேலையையே மிஞ்சிய திறன் என்று பொருள். யுவான் அரச வம்சக் காலத்து ஓவியர் ஜாவ் மெங்ஃபூ, வாணவேடிக்கைக் கலைஞர் ஒருவருக்கு எழுதிய கவிதையை இந்தக் கருத்தோடுதான் தொடங்குகிறார். வானத்தோடு போட்டி போடுவது மனிதக் கை என்பதே இதன் உயிர். அதனால் செதுக்கல், பூத்தையல், பீங்கான் என மனிதர் செய்தவற்றுக்கு மட்டுமே இது பொருந்தும். அருவியைப் பார்த்து இதைச் சொன்னால் இயற்கை இயற்கையையே மிஞ்சிவிட்டது என்று ஆகிவிடும். புதிதாகக் கற்பவர்கள் அதிகம் சறுக்கும் இடம் இது.

மலைக்கும் சிற்பத்துக்கும் பொதுவாக ஒன்று வேண்டுமென்றால் 'குவேய் ஃபூ ஷென் கோங்' இருக்கிறது: பேயின் கோடரி, தெய்வத்தின் வேலை. செங்குத்துப் பாறைகளுக்கும் குகைகளுக்கும் இன்று இதை நிறையவே சொல்கிறார்கள். ஆனால் இதன் வேர் ஒரு தச்சரிடம் இருக்கிறது. தாவோயிச ஞானி சுவாங்ட்சுவின் பெயரால் வழங்கும் பழஞ்சீன நூலில் ச்சிங் என்ற தச்சர் இசைமணிகளைத் தொங்கவிடும் மரச்சட்டம் ஒன்றைச் செதுக்குகிறார். பார்த்தவர்கள் இது பேயோ தெய்வமோ செய்தது என்று மிரள்கிறார்கள். எப்படிச் செய்தாய் என்று பழஞ்சீனத்தின் லூ நாட்டுக் கோமகன் கேட்கிறார். வேலைக்கு முன் நோன்பிருப்பேன் என்கிறார் தச்சர். 3 நாளில் பரிசும் பதவியும் நினைவை விட்டுப் போகும். 5 நாளில் புகழ், பழி, கைத்திறன் பற்றிய எண்ணம் போகும். 7 நாளில் தனக்குக் கை கால் இருப்பதே மறந்துபோகும். அதன் பிறகே காட்டுக்குள் நுழைவார். சட்டம் எந்த மரத்துக்குள் கண்ணுக்குத் தெரிகிறதோ அந்த மரத்தில்தான் கை வைப்பார், இல்லையென்றால் விட்டுவிடுவார். எனக்குத் தெரிந்து கைவினையைப் பற்றி இவ்வளவு ஆழமாகப் பேசும் பழங்கதைகள் குறைவு.

இதே பேய் இன்னொரு பெயரிலும் ஒட்டிக்கொண்டிருக்கிறது. பந்துக்குள் பந்தாகத் தந்தத்தில் கடைந்த உருண்டைகளுக்குப் பழைய பெயர் 'குவேய் கோங் ச்சியூ', பேய்வேலைப் பந்து. உருண்டையின் மேற்பரப்பிலிருந்து மையம் நோக்கிக் கூம்புத் துளைகள் போட்டு, வளைந்த உளியை அவற்றின் வழியே நுழைத்து, அடுக்கு அடுக்காகப் பிரித்தெடுப்பார்கள். உள்ளே ஓர் அடுக்கு உடைந்தால் மாற்றிப் பொருத்த வழியே கிடையாது.

இலை மேல் இருக்கும் பூச்சிக்கு 'ஷூ ஷூ ரூ ஷெங்', அதாவது உயிருள்ளது போலவே. சுவாங்ட்சுவின் கனவில் வரும் வண்ணத்துப்பூச்சியைச் சொல்லும் 'ஷூ ஷூ' இதில் இருக்கிறது. ஓவியத்திலோ சிற்பத்திலோ உள்ள ஆளுக்கும் விலங்குக்கும் சொல்லலாம். நிஜப் பூனையைப் பார்த்துச் சொல்லக் கூடாது. வெறும் பூச்சாடிக்கும் ஒட்டாது.

கலைஞரின் கைக்கு 'லூ ஹுவோ ச்சுன் ச்சிங்'. உலைத்தீ தூய நீலமாகிவிட்டது என்று பொருள். ரசவாதிகளின் உலையில், பதம் வந்ததற்கு அதுவே அடையாளம். பல்லாண்டு முதிர்ந்த திறமைக்கான சொல் இது. இந்தச் சிலை 'லூ ஹுவோ ச்சுன் ச்சிங்' என்றால் தவறு. இவருடைய கைத்திறன் என்று எழுவாயை மாற்ற வேண்டும்.

பார்ப்பவரின் திகைப்புக்கு 'தான் வேய் குவான் ஜி': இதற்கு மேல் பார்க்க ஒன்றுமில்லை. கி.மு. 544இல் லூ நாட்டுக்கு வந்த வூ நாட்டு இளவரசர் ஜீஜா, அங்கே ஆடிக்காட்டிய நடனங்களின் முடிவில் சொன்னதிலிருந்து பிறந்தது. முன்னால் 'லிங் ரென்' சேர்த்து, 'பார்ப்பவரை அப்படிச் சொல்லவைக்கிறது' என்ற அமைப்பில் எழுதினால் இயல்பாக இருக்கும்.

'மெய் லுன் மெய் ஹுவான்' பற்றி ஓர் எச்சரிக்கை. புது வீடு ஒன்றின் உயரத்தையும் பொலிவையும் வாழ்த்தியபோது பிறந்த தொடர் இது. நடன நிகழ்ச்சிக்கும் உடைக்கும்கூட இன்று இதைப் போடுகிறார்கள். கட்டடத்தோடு நிறுத்திக்கொள்வதே நல்லது என்பேன்.

'தியாவ் ச்சோங் ஷியாவ் ஜி', பூச்சி செதுக்கும் சின்ன வித்தை, காதுக்குப் பாராட்டுப் போலவே கேட்கும். அது தன் வேலையைத் தானே தாழ்த்திச் சொல்லும் பணிவு. அந்த முட்டைக்கோஸின் முன் நின்று பூச்சியைக் காட்டி இதைச் சொன்னால் சிற்பியை அவமதித்ததாகும்.

இவற்றுக்கு முன்னால் 'மிக' என்ற பொருள் தரும் 'ஹென்' போடாதீர்கள். தொடருக்குள்ளேயே உச்சம் இருக்கிறது. 'உண்மையிலேயே' என்னும் 'ஜென் ஷி' போதும்: ஜென் ஷி ச்சியாவ் துவோ தியென் கோங்.