பழைய சாகாவுக்குப் புது வயரிங்

மலேசியாவின் பிறை நகரில் உள்ள பட்டறையில் தம்பி மீட்டெடுத்துவரும் பழைய புரோட்டோன் சாகா காருக்கு வயரிங்கை முழுவதும் புதிதாக அமைப்பதென்று முடிவாகிவிட்டதால், வயர் வாங்குவதற்கு முன்பே ஒவ்வொரு விளக்கும் மோட்டாரும் எவ்வளவு மின்னோட்டம் இழுக்கும் என்பதைத் தாளில் எழுதிக்கொண்டிருக்கிறோம். 55 வாட் முகப்பு விளக்குகள் இரண்டும் சேர்ந்து 12 வோல்ட்டில் ஏறத்தாழ 9 ஆம்பியர் எடுக்கும். அந்த மின்னோட்டத்தைப் பழைய சுவிட்ச் வழியாக அனுப்பாமல் ரிலே (சிறு மின்னோட்டத்தால் பெரிய மின்னோட்டத்தை இயக்கும் மின்சுவிட்ச்) மூலம் அனுப்பினால் சுவிட்சின் முனைகள் கருகுவது குறையும், விளக்குக்கும் முழு வெளிச்சம் கிடைக்கும். ஃபியூஸ் காப்பது வயரைத்தான், விளக்கையல்ல. ஆகவே அது பேட்டரிக்கு மிக அருகில், வயரின் தடிமனுக்கு ஏற்ற அளவில் இருக்க வேண்டும். எஞ்சினுக்கும் பயணிகள் பகுதிக்கும் இடையிலுள்ள தகட்டை வயர் கடக்கும் துளையில் ரப்பர் வளையம் இல்லாவிட்டால், அதிர்வில் உறை தேய்ந்து ஷார்ட் ஆகிவிடும். புகைக்குழாயின் பக்கம் எதுவும் போகக்கூடாது. எனக்கு அதிகக் கவலை எர்த் இணைப்புகளை, அதாவது மின்னோட்டம் பேட்டரிக்குத் திரும்ப வயரைக் காரின் உலோக உடலோடு சேர்க்கும் இடங்களைப் பற்றித்தான்: கடற்காற்று வீசும் இவ்வூரில் துரு விரைவில் ஏறும் என்பதால், பெயிண்டைச் சுரண்டி வெற்று உலோகத்தில் இறுக்கிய பிறகு மேலே கிரீஸ் பூச வேண்டும். (அழகுக்காக அவற்றைக் கண்ணுக்கு எட்டாத மூலையில் ஒளித்துவைப்பது எனக்கு உடன்பாடில்லை.) டேஷ்போர்டைப் பொருத்தத் தம்பி துடிக்கிறான், வயர்களைத் தற்காலிகமாகக் கட்டி, கதவுகளைத் திறந்து மூடும்போது அவை இழுபடுகின்றனவா என்று பார்த்த பின்புதான் அனுமதிப்பேன்.